ஒரு தட்டும் ஒரு தயிர்ச் சட்டியும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கண்டிக் கிளையிலிருந்து கேட்டார்கள். விபத்துக்குள்ளான வாகனங்களை இருபத்தொன்பது வருடம் பார்த்தவனிடம் ஏதாவது ஞானம் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள், பாவம். என்னிடம் இருப்பது முழங்கால் வலி. காப்புறுதிக் கம்பனியின் அசெஸர் என்றால் கார்களின் அடிவயிற்றைக் குனிந்து பார்ப்பவன். குனிந்து குனிந்தே முழங்கால் போய்விட்டது. கழுத்திலும் ஒரு பிடிப்பு உண்டு. அது வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். எப்படி அளப்பது, எப்படிப் படம் எடுப்பது, எந்தப் படிவத்தை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது. அதில் இல்லாதது நான் செய்த முட்டாள்தனம் மட்டும்தான். அதை நான் தருகிறேன்.

நம்முடைய படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாய் தமிழும் சிங்களமும்தான் பேசும். மோதல்களுக்கு நான் மூன்று அளவுகள் வைத்திருந்தேன். முதலாவது 'தட்டு'. இரண்டாவது 'இடி'. மூன்றாவது 'ஐயோ'. அது நாம் தேர்ந்தெடுக்கும் சொல் அல்ல, வாகனத்தைப் பார்த்ததும் தானாக வாயில் வருவது. பம்பர் நெளியாமல், லைட் உடையாமல் இருந்தால் அது தட்டு. தட்டு என்றால் உள்ளே இருந்தவருக்கும் ஒன்றுமில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியை நானே இயற்றி நானே பின்பற்றினேன்.

கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு யாராவது அலுவலகத்துக்குள் நுழைந்தால் எனக்கு ஒரே குஷி. "மாலையெல்லாம் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை வந்திருக்காரு" என்பேன், அவர் காதில் விழாத தூரத்தில். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க வைக்கத் தெரிந்தவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். நானும் நம்பினேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு மழைக்காலக் காலை. கடுகண்ணாவையில் மெயின் ரோட்டோரம் ஒரு ஹார்ட்வெயார் கடை, கடைக்குப் பின்னால் வீடு. முதலாளி நம்ம ஆள். அவருடைய மனைவி பள்ளிக்கூட டீச்சர், ஐம்பதைத் தாண்டியவர். ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டதால் புருஷனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். இரண்டு நாளைக்கு முன் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டுத் தன் சின்னச் சிவப்புக் காரில் வந்துகொண்டிருக்கிறார். ஏற்றத்தில் வாகனங்கள் வரிசையாக நிற்க, அவரும் நிற்கிறார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை.

நான் போய் இறங்கியபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முதலாளி கையில் குடையோடு நின்றார்.

"வாங்க சேர். டீச்சருக்கு ரெண்டு நாளா தலவலி. டொக்டர்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வந்துருவோம்னு கெளம்பினோம். பரவால்ல, நீங்க வண்டிய பாருங்க, அஞ்சு நிமிசம் கழிச்சுப் போறோம்."

காரின் பின்பக்கத்தில் தடித்த இரும்புக் கம்பி ஒன்று காவலுக்குப் போட்டிருந்தது. முதலாளி தன் கடைப் பைப்பை வெட்டித் தானே நின்று ஒட்ட வைத்தது. அதைப் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"பாத்தீங்களா சேர். வேனோட லைட்டு ரெண்டும் போச்சு. நமக்கு ஒரு கோடு. நம்ம பைப்பு."

உண்மைதான். பெயின்டில் ஒரு கோடு. அவ்வளவுதான். நான் முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன், நிமிர்ந்தேன், உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிறவர் சீட்டின் மேல் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றில் நிற்க வேண்டிய, தலையைத் தாங்கும் ஹெட்ரெஸ்டைக் காணவில்லை.

"இது எங்க?"

"டிக்கியில கெடக்கு சேர். கொண்டை முட்டுதுன்னு வண்டி வாங்கின அன்னைக்கே கழட்டிட்டாங்க."

நம்ம நாட்டுப் பள்ளிக்கூட டீச்சர்மாரை உங்களுக்குத் தெரியும். சேலை, கொண்டை. கொண்டை இருக்கிற இடத்தில்தான் கார் செய்கிறவன் ஹெட்ரெஸ்டை வைக்கிறான். அவனுக்குக் கொண்டையைப் பற்றித் தெரியாது. ஆகவே ஹெட்ரெஸ்ட் டிக்கிக்குப் போகும். நான் அதைக் குறித்துக்கொண்டேனா? இல்லை. "கொண்டையே ஒரு தலகாணிதானே முதலாளி" என்று ஒரு ஜோக் விட்டேன்.

டீச்சர் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு, மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். வெளியே போகச் சேலை உடுத்து ஆயத்தமாக இருந்தவர், காத்திருக்கிற ஐந்து நிமிடத்தையும் வீணாக்க மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படி டீச்சர் இருக்கு?"

"கழுத்து திரும்பவே மாட்டேங்குது சேர். அது போகட்டும். தலதான். நேத்தவிட இன்னைக்குக் கூட. குனிஞ்சா கனக்குது."

"பேப்பரப் பாத்தாலே டீச்சருக்குத் தலவலி" என்றார் முதலாளி.

"ஒங்க கணக்குப் புத்தகத்தப் பாத்தா அதவிடக் கூடவே வரும்" என்றார் டீச்சர், தலையைத் திருப்பாமல்.

அவர் போட்ட சிவப்புச் சரி அடையாளங்கள் விடையின்மேல் நிற்காமல் சரிந்து சரிந்து வலது பக்கமாக ஓடியிருந்தன. ஒன்று தாளைத் தாண்டி மேசைவிரிப்பிலேயே போய் முடிந்திருந்தது. கண்ணால் கண்டேன். கண்டும் நான் செய்தது என்ன?

"டீச்சர், பிள்ளைகளுக்குப் போடுற மார்க்க மேசைக்குப் போடுறீங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஆமா என்ன" என்று சிரித்தார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன சேர், ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கிறீங்களா?"

இந்தக் கேள்வியை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் பார்க்க வந்தது பைப்பை. ஆனால் கழுத்தில் கம்பனி அட்டை தொங்குகிறது, கையில் பேனா இருக்கிறது, சட்டைப் பையில் டார்ச் இருக்கிறது. டார்ச் வைத்திருக்கிறவனை ஆட்கள் அரை டொக்டராக நினைக்கிறார்கள். அன்றைக்கு அந்த அரையும் தன்னை முழுசென்று நினைத்துக்கொண்டது.

"சும்மா ஒரு தட்டு முதலாளி" என்றேன். "வண்டிக்கே ஒண்ணும் ஆகல, ஆளுக்கு என்ன ஆகப்போகுது? மாலை போடுற அளவுக்கெல்லாம் இல்ல டீச்சர். ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் படுங்க."

இருவர் முகமும் தெளிந்தது. நான் காரில் ஏறும்போது பின்னால் ஷட்டர் கடகடவென்று மேலே போகிற சத்தம் கேட்டது. முதலாளி கடையைத் திறந்துவிட்டார். ஒரு மனுஷனின் வியாபாரத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு கண்டிப் பக்கமாகப் போனேன்.

பிலிமத்தலாவையில் நிறுத்தி ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், தயிர் இல்லாமல் வாசலில் கால் வைக்க வேண்டாம் என்பது வீட்டிலிருந்து வந்த உத்தரவு. மண்சட்டி, மேலே தாள் போட்டு நூல் கட்டியது. முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் எந்தப் பயணியையும் நான் அவ்வளவு பாதுகாப்பாகக் கொண்டுபோனதில்லை.

நூறு மீட்டர் போயிருப்பேன். முன்னால் பஸ் நின்றது, நானும் நின்றேன். பின்னால் பள்ளத்தில் இறங்கி வந்த ஓட்டோவுக்கு ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கவில்லை. 'டொக்'.

இறங்கிப் பார்த்தேன். என் காருக்கும் பின்னால் அதே மாதிரி ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஓட்டோக்காரர் என்னைவிட முந்திக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் இல்ல சேர். சும்மா ஒரு தட்டு. பாருங்களே, ஒரு கீறல் சரி ஈக்கா?"

என் சொல்லை என்னிடமே திருப்பித் தந்தார். நான் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். சட்டியைப் பார்த்தேன். பெல்ட் பிடித்தபடி, வைத்த இடத்திலேயே இருந்தது. உடையவில்லை, ஒரு கீறலில்லை. இருந்தாலும் தாள் ஓரத்தில் ஈரம் கசிந்தது. உத்தரவு போட்டவரை நினைத்துக்கொண்டு நூலை அவிழ்த்தேன்.

கவிழ்த்தாலும் விழாத கெட்டித் தயிர், நடுவில் பிளந்து கிடந்தது. சட்டிச் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு பக்கம் முழுவதும் பெயர்ந்து, அந்த இடைவெளியில் மஞ்சளாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, சட்டியை நான் பிடித்து வைத்தேன். தயிரை யார் பிடித்து வைப்பது?

அப்போதுதான் இருபத்தாறு வருடமாகப் படித்திருக்க வேண்டிய பாடம் ஒரு நிமிடத்தில் மண்டைக்குள் ஏறியது. பின்னாலிருந்து வேன் தள்ளுகிறது. கார் முன்னால் போகிறது. காரோடு சீட், சீட்டோடு முதுகு. தலைக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உடம்பு முன்னால் ஓட, தலை பின்னால் தங்க, நடுவில் கிடந்து இழுபடுவது கழுத்து. ஹெட்ரெஸ்ட் இருந்தால் தலையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். அது டிக்கியில். கழுத்து ஒரு எல்லைவரை வளைந்துவிட்டு, தலையைச் சுண்டி முன்னால் எறிகிறது. அந்தச் சுண்டலில் மண்டை நின்ற பிறகும் உள்ளே இருப்பது நிற்காது.

அந்தப் பைப்பு? நெளிகிற பம்பர் இடியில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். நெளியாத பைப்பு தான் பட்டினி கிடந்து, அத்தனையையும் உள்ளே இருக்கிறவருக்குப் பரிமாறிவிடும். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்குச் சாட்சியாக நான் எழுதி வந்தேன். அது எத்தனையோ தடவை நேரெதிர்ப் பக்கத்தின் சாட்சி.

மேசைவிரிப்புக்கு ஓடிய அந்தச் சிவப்புச் சரி கண்ணுக்குள் வந்தது. நேற்றைவிட இன்றைக்குக் கூட, என்று டீச்சர் சொன்னதும் வந்தது.

அந்த இடத்தில் நான் உடனே காரைத் திருப்பினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய் என்ன சொல்வது? தயிர் சொல்லிச்சு, டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்பதா? டீச்சருக்கு வெறும் தலைவலியாக இருந்தால் நாளைக்குக் கடுகண்ணாவை முழுக்கச் சிரிக்கும். சிரிக்க வைத்தே பழகியவனுக்குச் சிரிக்கப்படுவதில் அப்படி ஒரு பயம். பிறகு யோசித்தேன். காலையிலேயே முட்டாளாகிவிட்டேன், அது இன்னும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காரைத் திருப்பினேன். ஓட்டோக்காரர் பயந்துபோய் ஓடி வந்தார். "சேர், பொலிஸுக்கா?"

"இல்ல. ஹார்ட்வெயார் கடைக்கு."

கடையில் முதலாளி தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். "என்னாங்க சேர், பேனாவ மறந்துட்டீங்களா?"

"டீச்சர் எங்க?"

"இப்பதான் நிம்மதியா தூங்குறாங்க. நீங்க சொன்ன பொறகு மனசு லேசாயிருச்சு. ரெண்டு நாள் தூக்கம்."

"எழுப்புங்க."

"எதுக்கு? கையெழுத்தா? நான் போட்டுத் தாரேன்."

"முதலாளி, நான் காலையில சொன்னது தப்பு. எனக்கு வண்டியப் பத்தித்தான் தெரியும். ஆளப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தயவுசெஞ்சு எழுப்புங்க."

அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். "காலையில ஒண்ணுமில்லங்கிறீங்க, இப்ப எழுப்பச் சொல்றீங்க. வெளையாடுறீங்களா சேர்?" ஆனாலும் உள்ளே போனார். நானும் கதவுவரை போனேன்.

"டீச்சர்." அசைவில்லை. "டீச்சர். ஏங்க." தோளைப் பிடித்து உலுக்கினார். மூன்றாவது உலுக்கலில் கண் திறந்தது.

"பெல் அடிச்சாச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைப் போடப் பார்த்தார். இடது கால் போட்டது. வலது கால் செருப்புக்குப் பக்கத்தில், தரையில், செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலாளி கையிலிருந்த ஆணிகள் கீழே விழுந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார், மனுஷன்.

அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டவரை நாமே தூக்கி ஏற்றக் கூடாது. அதுவும் அன்றைய என் தவறுகளில் ஒன்று. நீங்கள் கூப்பிடுங்கள். எனக்கு அந்த நேரத்தில் ஓட்டத்தான் தெரிந்தது. முதலாளி பின்சீட்டில் டீச்சரின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தயிர்ச் சட்டி முன்சீட்டில் பெல்ட்டோடு அப்படியே இருந்தது. அதை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

பிலிமத்தலாவையில் வரிசை. ஹோனில் கை வைத்தபடி நிற்கிறேன். ஓரத்தில் நின்ற அந்த ஓட்டோக்காரர் என்னைக் கண்டு முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார். ஓட்டோவை எனக்கு முன்னால் எடுத்து, லைட்டைப் போட்டு, "அஹகட, அஹகட" என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே பேராதனைப் பாலம்வரை வழி திறந்து கொடுத்தார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர். சின்ன வயசு.

"எப்ப அடிபட்டது?"

"ரெண்டு நாளைக்கு முன்ன, பின்னாலருந்து ஒரு..." என்றேன். 'தட்டு' என்பதை விழுங்கிவிட்டு மாற்றிச் சொன்னேன். "பின்னாலருந்து வேன் மோதிருச்சு."

"தலை எங்கயும் இடிச்சதோ?"

"இல்லீங்க" என்றார் முதலாளி. "ஒரு வீக்கம்கூட இல்ல."

"ஏதும் மருந்து எடுக்கிறவவோ?"

"இதயத்துக்கு ஒரு வால்வு போட்டிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை."

"ஓம், அப்ப விளங்குது." ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு வந்து சொன்னார். "எல்லாருக்கும் இப்பிடி வராது, பயப்பிடுத்த வேண்டாம். ஆனா மூளை அசையிறதுக்கு மண்டை உடையத் தேவையில்லை. அசையேக்க ஓரத்தில இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய் இழுபட்டுக் கிழியும். பிறகு மெல்ல மெல்லக் கசியும். முதல் நாள் கதைப்பினம், சிரிப்பினம். இவவுக்கு மாத்திரையும் சேர்ந்திட்டுது."

"தயிர் மாதிரி" என்றேன்.

"என்ன?"

கையில் சட்டி இல்லாத குறைதான். நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓம், அப்பிடித்தான். நல்ல நேரத்தில கொண்டு வந்திருக்கிறியள். இப்ப தயிரை வீட்டுக்குக் கொண்டுபோங்கோ."

நான் போகவில்லை. ஒப்பரேஷன் முடியும்வரை அந்த நீள வாங்கில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர், யாரையும் குற்றம் சொல்லாத குரலில், நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

"காலையில ஷட்டர பாதி எறக்கிட்டேன் சேர். குடைய எடுத்துட்டேன்."

நான் வாழ்நாளில் எத்தனையோ வசவுகள் வாங்கியிருக்கிறேன். ஒன்றும் இதற்குக் கிட்டே வராது.

டீச்சர் பிழைத்தார். வலது கையும் காலும் திரும்பி வரச் சில மாதம் பிடித்தது, முழுவதும் வந்தன. எனக்கு மறுநாள் காலை கழுத்து திரும்பவில்லை. தட்டின அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த நாள்தான் வரும் என்பதையும் அப்படித்தான் கற்றேன். பட்டி கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் நின்றவர்கள் யாரும் மறக்கவில்லை. "மாலையெல்லாம் போட்டு மாப்பிள்ளை வந்திருக்காரு" என்றார்கள். ஒரு வாரம் முழுவதும் சொன்னார்கள். தலையைத் திருப்ப முடியாததால் யார் சொன்னார்கள் என்றுகூடப் பார்க்க முடியவில்லை.

ஏற்கெனவே ஃபோனில் அனுப்பிய 'லேசான தட்டு' என்ற அறிக்கையைத் திரும்பக் கேட்டேன். மெனேஜர், "வண்டிக்கு நீங்க எழுதினது சரிதானே, ஆளுக்கு இதுல கட்டம் இல்லையே" என்றார். இல்லைதான். ஓரத்தில் எழுதினேன்: பின்புறக் கம்பி வளையவில்லை, ஆகவே இடி உள்ளே போயிருக்கிறது. ஓட்டுநர் சீட்டின் ஹெட்ரெஸ்ட் டிக்கியில். ஓட்டுநர் தலைவலி கூடுவதாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. கடைசி வரியை வெட்டிவிடலாம் என்றார் மெனேஜர். வேண்டாம் என்றேன்.

அன்றிலிருந்து யாராவது என்னிடம், ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டால் எனக்கு ஒரே பதில்தான்: "எனக்குத் தெரியாது, போங்க." உங்களுக்கு நான் தருகிற ஞானம் அந்த மூன்று சொல். அதைச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருடம் பிடித்தது. நீங்கள் இன்றைக்கே சொல்லலாம்.

ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீச்சரின் தலையில் புல் முளைத்த மாதிரி முடி. "ஒங்களுக்குச் சந்தோசம்தானே சேர்" என்றார். "கொண்டை போச்சு. ஹெட்ரெஸ்ட் இப்ப அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு." முதலாளி சிரிக்கவில்லை. முற்றத்தில் கார் நின்றது. பின்னால் பைப்பு இல்லை. அறுத்த தடம் மட்டும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கடுகண்ணாவை ஏற்றத்தில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அந்தச் சிவப்புக் கார். டீச்சருக்கு முடி வளர்ந்துவிட்டது. ஆனால் ஹெட்ரெஸ்டுக்கு மேலே கொண்டையைக் காணோம். பின்னலாகப் பின்னி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தோளுக்கு முன்னால் போட்டிருந்தார். தலை, இருக்க வேண்டிய இடத்தில் சாய்ந்திருந்தது.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அந்தக் காருக்கும் எனக்கும் நடுவில் ஒரு லொறி நுழையலாம் போல இடம் கிடந்தது. பின்னால் ஒருவர் ஹோன் அடித்தார், இன்னொருவர் சிங்களத்தில் என் கண் பார்வையை விசாரித்தார். அடிக்கட்டும் என்று இருந்தேன். டீச்சர் நல்ல தூரம் போன பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.